தமிழில் இளையோர் நாவல் இல்லையா? எந்தப் பக்கத்தில் மூடினாள் என்று சொல்லுங்கள்

9 ஏப்ரல் 2025, வந்த கேள்வி

"என் மகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு படிக்கிறாள். மலாயிலும் ஆங்கிலத்திலும் நாவலாகப் படித்துத் தள்ளுகிறாள். தமிழில் ஒன்று எடும்மா என்றால், ஒண்ணு சின்னப் பிள்ளைங்க நீதிக்கதை, இல்லாட்டி பெரியவங்க கதை, நடுவுல எனக்கு ஒண்ணும் இல்லையேம்மா என்கிறாள். பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை வாங்கிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தமிழில் இளையோர் நாவலே கிடையாது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. யாராவது மறுத்தால் சந்தோஷப்படுவேன். நாங்கள் மலேசியாவில், சுங்கை சிப்புட்டை அடுத்த லிந்தாங் பக்கம்."

9 ஏப்ரல், இரவு

இருக்கிறது அக்கா. பெயர் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். பொன்னியின் செல்வனை உங்கள் மகள் எந்தப் பக்கத்தில் மூடினாள்? அவளிடமே கேட்டுச் சொல்லுங்கள்.

10 ஏப்ரல்

ஏன் பக்கத்தைக் கேட்டேன் என்று நேற்று சொல்லவில்லை. சுங்கை சிப்புட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிச் சீருடைதான் முக்கால்வாசி வேலை. அளவு கொடுக்க வரும் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று, அப்பா சேர்த்து வைத்த புத்தகங்களை ஓர் இரும்பு அலமாரியில் அடுக்கினேன். பதினோரு வருஷம் ஆகிவிட்டது. இப்போது இருநூறுக்கு மேல் இருக்கும். யார் எதை எடுத்துப் போகிறார்கள் என்பதை 555 புத்தகத்தில் எழுதுவேன். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம்தான்.

முதலில் பெயர், தேதி, இவ்வளவுதான் எழுதினேன். ஒரு நாள் ஒரு பெண் பாதியில் திருப்பிக் கொடுத்த நாவலுக்குள் பஸ் டிக்கெட் இருந்தது. அடையாளத்துக்கு வைத்ததை எடுக்க மறந்திருக்கிறாள். 31ஆம் பக்கம். அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். கல்யாண வீட்டுக்கு யார் யார் வந்தார்கள், யாருக்கு யார் என்ன உறவு, அவ்வளவுதான். எண்ணிப் பார்த்தால் பதினெட்டுப் பெயர்! அந்தப் பெண்ணுக்குத் தமிழ் வராமல் இல்லை, வாசிக்கும் ஆசையும் இருந்தது. பதினெட்டுப் பேரையும் ஒரே நேரத்தில் உள்ளே விட அவளுக்கு மனசில்லை, அவ்வளவுதான் விஷயம். அன்றிலிருந்து 555இல் நின்ற பக்கத்தையும் எழுதுகிறேன்.

எழுத எழுத ஒரு கணக்குப் பிடிபட்டது. பத்துப் பக்கத்துக்குள் மூடினால் பெரும்பாலும் சொல் புரியவில்லை. முப்பது நாற்பதில் மூடினால் ஆள் கூட்டம், அல்லது இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை. பாதியைத் தாண்டி மூடினால், பிடித்த ஆள் செத்துவிட்டார், அல்லது சாகப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. கடைசி இருபது பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு, கதை முடியக் கூடாதே என்று. அவர்களுக்கு அடுத்த புத்தகத்தை உடனே கையில் கொடுத்துவிட வேண்டும்.

வயதைக் கேட்டு நாவல் சொல்வதை விட்டுவிட்டேன். ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் ஐந்து விதமாகப் படிக்கிறார்கள்.

11 ஏப்ரல்

அக்காவின் பதில் வந்துவிட்டது. இரண்டாம் அத்தியாயம், ஆழ்வார்க்கடியான் வந்து சைவர்களோடு வாதம் செய்யும் இடம். "குதிரையில வந்தாரே, அவரு எங்க போனாரு? இவங்க ஏன் சாமிக்குச் சண்டை போடறாங்க?" என்று கேட்டாளாம்.

சரியான கேள்விதான். 2022இலும் 2023இலும் படம் வந்த பிறகு இந்த ஊரில் பல வீடுகளில் ஐந்து பாகமும் வாங்கினார்கள். என் 555இல் அதே இரண்டாம் அத்தியாயத்தில் நின்றவர்கள் ஏழு பேர். குறை பிள்ளைகளிடம் இல்லை. கல்கி அதை எழுதியது 1950இலிருந்து வாராவாரம் காத்திருந்து படித்த வாசகர்களுக்கு. ஆழ்வார், நாயன்மார் யார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

உங்கள் மகளுக்கு வேண்டியது குதிரைக்காரன் அக்கா. அப்படியானால் அதே கல்கியின் பார்த்திபன் கனவைக் கொடுங்கள். மூன்று பாகம், பொன்னியின் செல்வனில் கால்வாசி கூட வராது. காவிரிக் கரையில் படகோட்டி பொன்னனும் அவன் மனைவி வள்ளியும் பேசிக்கொள்வதில் தொடங்கும், முதல் பக்கத்திலேயே ஆட்களோடு ஒட்டிக்கொள்ளலாம். தோற்ற ராஜாவின் மகன் விக்கிரமன், நாடு கடத்தப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். நடுவில் ஒரு சிவனடியார் வந்து வந்து போகிறார். அவர் யார் என்று தெரிந்துகொள்ளவே பிள்ளைகள் பக்கத்தைத் திருப்புவார்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் கைப்பேசியில் வேண்டாம், புத்தகமாகக் கொடுங்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது.

ஒரு கவனம்: போர் வருகிற பக்கங்களைப் பெண் பிள்ளைகள் பெரும்பாலும் தாண்டிவிடுவார்கள். தாண்டட்டும், ஒன்றும் சொல்ல வேண்டாம்.

14 ஏப்ரல்

புத்தாண்டு. கடை இல்லை, எழுத நேரம் இருக்கிறது.

மற்றவர்களும் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் தன் மகனுக்குப் பேய்தான் வேண்டும் என்கிறார். இங்கே நிறைய பையன்கள் அப்படித்தான். மலாயில் பேய்க்கதை குவிந்து கிடக்கிறது, கைப்பேசியிலேயே இரவெல்லாம் படிக்கிறார்கள். தோட்டத்தில் வளர்ந்த நமக்கும் பேய்க்கதை புதிதா? லயத்து வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து ஆத்தாக்கள் சொல்லாததா? கே. பாலமுருகன் எழுதிய 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' கொடுத்துப் பாருங்கள். இந்த நாட்டு எழுத்தாளர், இந்த நாட்டுப் பிள்ளைகளுக்காகவே எழுதியது. தமிழே படிக்க மாட்டேன் என்று நின்ற ஒரு பையன் மாலையில் எடுத்துப் போனான். மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்து, இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா ஆண்ட்டி என்று கேட்டான். அவன் பெயருக்கு எதிரே பக்க எண்ணே இல்லை. 'முடித்தான்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

இயந்திரம், கணினி என்று கேட்பவர்களுக்குச் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கும், சுயமாக யோசிக்கும். எண்பதுகளில் எழுதியதைப் படித்துவிட்டு, இப்ப வந்திருக்கிற செயற்கை நுண்ணறிவைப் பத்தி அப்பவே எழுதிட்டாரா என்று ஒரு படிவம் மூன்று மாணவி வியந்து போனாள். பனிமலை, தேடிப் போகும் பயணம், நடுநடுவே அறிவியல் என்றால் ஜெயமோகனின் 'பனிமனிதன்'.

19 ஏப்ரல்

ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார்: "எந்த நாவலைக் கொடுத்தாலும் என் வகுப்பில் யாரும் தொடுவதில்லை." டீச்சர், உங்களைக் குறை சொல்லவில்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டாள். கேட்டேன். "படிச்சு முடிச்சா என்ன கத்துக்கிட்டன்னு கேப்பாங்கல்ல ஆண்ட்டி, பரீட்சையில வர்ற கருத்துணர்தல் கேள்வி மாதிரி" என்றாள். அதற்கு முந்தைய வாரம் நான்தான் அப்படிக் கேட்டிருந்தேன்.

இப்போது கேட்பதில்லை. அவர்களாகச் சொன்னால் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன்.

27 ஏப்ரல்

சொல் புரியாமல் நிற்கும் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அதுதான் பெரிய தடை.

தமிழ்நாட்டு நாவலில் கண்மாய், களத்துமேடு, ஊர்ச்சாவடி என்று வரும்போது பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரிவதில்லை. அதனால் மலேசியாவில் நடக்கும் நாவலைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று பல வருஷம் நினைத்தேன். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நம் தோட்டங்களைப் பார்த்துவிட்டுப் போய் எழுதியதுதானே என்று ஒரு பையனிடம் கொடுத்தேன். அவனும் சீக்கிரமே வந்துவிட்டான். "பெரட்டுன்னா என்ன ஆண்ட்டி? மங்குன்னா? கோட்டுப்பால்னா?" என்று வரிசையாகக் கேட்டான். இவை நாவலில் பார்த்த சொற்களா, நாவல் பற்றி அவன் தாத்தாவிடம் பேசப் போய்க் காதில் விழுந்தவையா என்று தெரியாது. ஆனால் அவன் தாத்தா ரப்பர் தோட்டத்தில் தனக்கென்று நிரை, அதாவது மர வரிசை, வைத்துப் பால் வெட்டியவர். பேரன் பிறந்தது தாமானில், ஊருக்குள் இருக்கும் வீடமைப்புப் பகுதியில். அவன் பார்த்த தோட்டமெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை.

என் கடையில் பொத்தான் போட்டு வைக்கும் கிண்ணம் என் அம்மா ரப்பர் பால் பிடித்த மங்குதான். வெளியே செம்பழுப்பு மெருகு, உள்ளே அடியில் பால் காய்ந்த கறை இன்னும் போகவில்லை. விளிம்பில் ஒரு சில்லு உடைந்திருக்கும். அதை அவன் கையில் கொடுத்தேன். பொத்தானையெல்லாம் மேசையில் கொட்டிவிட்டு கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஒரு மரத்துக்கு ஒண்ணா?" ஆமாம். "காலையில எத்தனை மரம்?" அம்மா சொல்வார் நானூறு, ஐந்நூறு என்று. விடிவதற்கு முன்னாலேயே பெரட்டு, அங்கே பெயர் கூப்பிட்ட பிறகு மரத்துக்குப் போக வேண்டும், மழை வந்தால் பால் போச்சு, அன்றைய கூலியும் போச்சு. மரப்பட்டையில் ஒட்டி உறைந்த பாலை மறுநாள் உரித்தெடுத்தால் அது கோட்டுப்பால். பத்து நிமிஷம் சொல்லியிருப்பேன். அவன் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனான்.

ஆகவே புத்தகத்தோடு ஒரு பொருளோ ஒரு கதையோ சேர்த்துக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். தாத்தா பாட்டி உள்ள வீடு என்றால் உங்களுக்கு அந்த வேலையும் இல்லை.

28 ஏப்ரல்

நேற்று விட்டுப்போனது. கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' கரிசல் பேச்சில் போகும் சின்ன நாவல். பறவை முட்டை சேகரிக்கும் ஒரு சிறுவனின் கதை. பெரிய திருப்பம் எதுவும் கிடையாது. எல்லாருக்கும் ஆகாது என்று அலமாரியின் அடித்தட்டில்தான் வைத்திருந்தேன். ஒரு பையன், அவன் அப்பாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. எலியைப் பிடிக்க அங்கே ஆந்தைக்குக் கூண்டுப்பெட்டி வைத்து வளர்க்கிறார்கள் அல்லவா, அந்தக் குஞ்சுகளைப் பார்க்க அப்பாவோடு போகிறவன். பாடத்தில் சுமார். பேசவே மாட்டான். அவனிடம் 'பிஞ்சுகள்' கொடுத்து, புரியாத இடத்தைச் சத்தமாகப் படி, காதுக்குப் புரியும் என்றேன். நான்கு நாள் கழித்து வந்து, ஆந்தை முட்டை உருண்டையா வெள்ளையா இருக்கும் ஆண்ட்டி, இவர் எழுதியிருக்கிற முட்டையெல்லாம் வேற மாதிரி என்றான். இத்தனை நாளில் அவன் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

11 மே

ஏப்ரல் 11இல் எழுதியதைத் திருத்துகிறேன். போர் வரும் பக்கத்தைப் பெண் பிள்ளைகள் தாண்டிவிடுவார்கள் என்று சொன்னேன். தவறு. அழகுக்காகப் போடும் சண்டையைத் தாண்டுகிறார்கள், அது பையன்களும்தான். சொந்தக் கதையாக இருந்தால் யாரும் தாண்டுவதில்லை.

படிவம் நான்கு படிக்கும் பெண். காதல் நாவல் மட்டும்தான் எடுப்பாள், அதிலும் யாரும் சாகக் கூடாது. ரெ. கார்த்திகேசுவின் 'காதலினால் அல்ல' பல்கலைக்கழகப் பின்னணி என்பதால் விரும்பிப் படித்தாள். போன மாதம் அவள் வீட்டில் கொள்ளுத்தாத்தா பேச்சு வந்திருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு (இப்போது தாய்லாந்து) ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. வீட்டில் ஒரு படம் கூட இல்லை. அதைப் பற்றி ஏதாவது இருக்கா என்று கேட்டு வந்தாள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டையும் மேசையில் வைத்தேன். இதில் நிறைய பேர் சாவார்கள் என்று சொல்லியே வைத்தேன். தெரியும் ஆண்ட்டி என்றாள்.

ரெங்கசாமியை எடுத்துப் போனாள். இரண்டு நாள் கழித்துப் பள்ளி விட்டு நேரே வந்து கேட்டாள்: "415 கிலோமீட்டர்னா எவ்வளவு தூரம்?" சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட அந்த ரயில் பாதையின் நீளம் அது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் போய்த் திரும்பி வந்தால் கிட்டத்தட்ட அவ்வளவு என்றேன். தீபாவளிக்குத் துணி எடுக்க அந்த வழியில் பஸ்ஸில் போனவள் அவள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அவ்வளவு தூரமும் கையாலயா?" என்றாள். பிறகு உட்கார்ந்து அங்கேயே படிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆறரை மணிக்கு அவள் அம்மா தேடி வந்தார். ஒரு பக்கத்தையும் அவள் தாண்டியதாகத் தெரியவில்லை.

இவை இளையோருக்கு என்று எழுதியவை இல்லை, பெரியவர்கள் நாவல் என்று யாராவது சொல்லலாம். அந்தப் பிரிவினையை நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. ஆனால் பதினைந்துக்குக் கீழே என்றால் நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள்.

12 மே

ஒரு பையன் நேற்றைய பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்ப நம்ம ஊரு கதை எங்க ஆண்ட்டி என்றான். 1948 ஜூன் 16 காலையில் இங்கே எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள், சில நாளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. அன்று அந்த லயத்தில் இருந்த ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை என்ன பார்த்திருக்கும்? அந்த நாவலை அவன் கையில் கொடுக்க என் அலமாரியில் இல்லை. எழுதுகிறவர்கள் இதைப் படித்தால் யோசியுங்கள்.

2 ஜூன்

விடுமுறை. கடையில் கூட்டம்.

22 ஜூன்

புதிதாக எதைத் தேடி வாங்குவது என்று கேட்டவர்களுக்கு. சாகித்திய அகாதெமி 2010இலிருந்து சிறுவர் இலக்கியத்துக்கு 'பால சாகித்திய புரஸ்கார்' கொடுக்கிறது. அதன் தமிழ்ப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு போனால் நல்ல வழி. 2020இல் எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2023இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. மூன்றாவது இன்னும் என் கைக்கு வரவில்லை, சொல்லி வைத்திருக்கிறேன்.

'ஆதனின் பொம்மை' கீழடியைச் சுற்றிய கதை, சின்னதுதான். வரலாறு பிடிக்கும், தடித்த புத்தகம் பயம் என்கிற பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. 'மரப்பாச்சி' ஒரு பொம்மை பேசுகிற கதை, படிவம் ஒன்றுக்குக் கூடக் கொடுக்கலாம். பிள்ளைகள் உடம்பைத் தப்பாகத் தொடுகிறவர்களைப் பற்றி அது பேசுகிறது. அதனால் அந்தப் புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டு விட்டுவிட மாட்டேன். படித்துத் திருப்பிக் கொடுக்கும்போது கடையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வரச் சொல்வேன். சொல்ல ஏதாவது இருந்தால் சொல்வார்கள்.

29 ஜூன்

லிந்தாங் அக்கா மகளோடு கடைக்கு வந்திருந்தார். இத்தனை நாளும் எழுத்தில் பேசியவரை முதல் முறையாகப் பார்க்கிறேன். ஏப்ரலில் அனுப்பி வைத்த பார்த்திபன் கனவு கையில் இருந்தது. நடுவில் பரீட்சை வந்ததால் நின்று நின்று படித்திருக்கிறாள். மகள் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் ஐஸ் குச்சியை வைத்திருந்தாள்.

முடிக்கலையா என்றேன்.

"அந்தச் சிவனடியார் யாருன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருச்சு ஆண்ட்டி. ஆனா விக்கிரமனுக்குத் தெரியிறப்ப அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு யோசிச்சிட்டே இருந்தேன். அத இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கலாம்னு."

555ஐ எடுத்து அவள் பெயருக்கு நேரே பக்கத்தை எழுதினேன். அடுத்த வரியிலேயே சிவகாமியின் சபதம், முதல் பாகம் என்று எழுதிக் கையில் கொடுத்தேன். அதில் நடனம் வரும், சிற்பம் வரும், குதிரையும் வரும். அவள் அங்கேயே நின்றபடி முதல் பக்கத்தைத் திறந்தாள். அக்கா பாஜு கூரோங்குக்கு அளவு கொடுக்கச் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டார்.